பன்னிரண்டு துண்டுப் பெட்டி

காய்ச்சல் என்று
ஏழரை மணிக்கு அலுவலகத்தை அழைத்துச் சொன்னேன்.
குரல் கரகரக்க வேண்டுமே என்று
அதற்கு முன்னால்
தலையணையில் முகம் புதைத்து
மூன்று முறை இருமிப் பார்த்திருந்தேன்.
எட்டேகாலுக்கு ரயிலில் இருந்தேன்.

ஏன் வந்தாய் என்றால் பதிலில்லை.
துக்கமில்லை. காதலில்லை.
புதன்கிழமை, அவ்வளவுதான்.

கோயிலுக்கு ஏறும் கடைத்தெரு அது.
கோயில்வரை யாரும் ஏறுவதாகத் தெரியவில்லை.
ஓட்டு விளிம்பில் முந்தாநாள் பனி
பழைய கடனை அடைப்பதுபோல்
சொட்டுச் சொட்டாய்.
கண் எழுதாத தருமா பொம்மைகள்
அடுக்கடுக்காய்ச் சிவந்து உட்கார்ந்திருந்தன.
அவை என்னைப் பார்க்கவில்லை
என்று நம்பிக்கொண்டேன்.

கரி அடுப்பின்மேல் அரிசி வட்டு உப்பியது.
கடைக்காரி சோயாவை இருமுறை தடவி
காகிதத்தில் சுடச்சுடத் தந்தாள்.
'நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம்'
என்ற பலகையைக் காட்டியது
மன்னிப்புக் கேட்கும் ஒரு விரல்.
அங்கேயே நின்று கடித்தேன்.
அந்தச் சத்தத்துக்கு
என் அலுவலகமே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஊறுகாய்க் கடையில்
ருசி பார்க்கக் குச்சி வைத்திருந்தார்கள்.
முள்ளங்கி, கத்திரி, ஏதோ ஒரு கீரைத்தண்டு.
ஐந்தாவது குச்சிக்கு வெட்கம் வந்தது.
ஆறாவதற்கு வரவில்லை.

பிறகு என் கை
என்னைக் கேட்காமல்
ஒரு பெட்டியை எடுத்தது.
சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த குட்டி பன்,
தனித்தனி உறையில் பன்னிரண்டு.
எந்த ஊர் போனாலும்
அலுவலகத்துக்கு ஒரு பெட்டி:
பதினேழு வருடப் பழக்கம் கைக்கு.
எண்ணியும் முடித்துவிட்டேன்.
குடிநீர்க் கட்டணப் பிரிவில் என்னை விட்டுப் பதினோரு பேர்,
வரவேற்பில் நுகினா ஒருத்தி.
கச்சிதம்.

அப்புறம்தான் உறைத்தது.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைக்கலாம்.
மூடியில் ஊர்ப்பெயர் அச்சடித்த பெட்டியை
எந்தக் காய்ச்சலில் மறைப்பது?

வைத்துவிட்டுத் திரும்பினேன்.
எதிர்க்கடையில், சிவப்புத் துணி விரித்த பெஞ்சில்,
பிரிவுத் தலைவர் ஹினுமா.
இன்று பல் பிடுங்கப் போவதாகத்
திங்களன்றே நாட்காட்டியில் எழுதியவர்.
கையில் டாங்கோ குச்சி;
மூன்று உருண்டையில் இரண்டு உள்ளே போயிருந்தது.
முழங்காலை ஒட்டி
அதே பெட்டி.

கையும் களவுமாக என்பார்கள்.
யார் கை, யார் களவு?

குனிந்தேன். குனிந்தார்.
நகல் எந்திரத்தருகே எதிர்ப்படும்போது
குனிகிற அதே அளவு.
அவர் தாடையில் பாகு மின்னியது.
என் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.
துடைத்துக்கொண்டார்.
அவ்வளவுதான் பேச்சு.

ரயிலுக்கு நாற்பது நிமிடம்.
நடைமேடையின் இந்த முனையில் நான்,
அந்த முனையில் அவர்.
பெட்டியை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்,
ஊர்ப்பெயரை இப்போதுதான் படிப்பவர்போல.
எழுந்து வந்து
நடு பெஞ்சில் அதைத் திறந்து வைத்துவிட்டுத்
தன் முனைக்கே போனார்.

நான் போய் ஒன்று எடுத்தேன்.
திரும்பியதும் அவர் வந்து ஒன்று எடுத்தார்.
மதில் தாண்டும் பூனைகள்போல
முறை வைத்துத் தின்றோம்.
எட்டாவதில் எனக்குத் திகட்டியது.
அவர் நிறுத்தவில்லை;
தலைவர் என்றால் சும்மாவா.
கடைசி ஒன்றைக்
கொடிக்காரப் பையன் தொப்பியைத் தொட்டு வாங்கிக்கொண்டான்.
ஊர்ப்பெயருள்ள மூடி
நிலையக் குப்பைத்தொட்டியில், முகம் குப்புற.

மறுநாள் காலை
தேநீர் எந்திரத்தருகே கேட்டார்:
"காய்ச்சல்?"
"விட்டுவிட்டது. உங்கள் பல்?"

இடது கன்னத்தைத் தொட்டார்.
நாற்காலிகள் சுழலும் சத்தம்.
கொஞ்சம் யோசித்து
வலது கன்னத்தைத் தொட்டார்.