வாளையாறு: வயது என்ற கட்டம்

சோதனைச்சாவடிக்குப் பின்னால்
ராக்கியப்பன் மாட்டுக்கொட்டிலில்
விடியுமுன் உறிஞ்சுகுழாயில் பிடித்தது.
இரண்டு ஊசி, ஒரு சொட்டு உப்புநீர்.
சினைப்பை வெளியே வந்தது,
எள்ளில் பாதி.

மூச்சுக்குழல் நுனிகள் சுருண்டிருந்தால்
இன்னும் முட்டையிடாதவள்.
இவளுக்கு எல்லாம் அவிழ்ந்துகிடந்தன.
காம்பை இழுத்து முடிச்சு எண்ணினேன்:
ஒன்று, இரண்டு,
லாரி ஹாரன்.
கை நடுங்கி, மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்று.
மூன்று பேறு. பன்னிரண்டு நாளாவது இருக்கும்.
கிருமி முற்றப் போதும்.
இளசுகள் சும்மா கடித்துவிட்டுப் போகும்.

பென்சிலால் எழுதினேன்.
அடுத்த கட்டம் மாநிலம் கேட்கிறது.
கொட்டில் இங்கே,
குட்டை அந்தப் பக்கம்.

"கிழவிதானா மேடம்?"
வாசலில் ராக்கியப்பன்.
உள்ளே அவர் மகள்
போர்வைக்குமேல் சாக்கையும் போர்த்தி
நடுங்குகிறாள்.