முப்பது மூடு

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி
ஒரே ஒரு கேள்வி கேட்டேன்:
வைகாசிக் கடைசியில் அடித்த காற்றில் விழுந்த வாழைக்கு
யார் யாருக்கு எவ்வளவு?

நாற்பதாம் நாள் பதில்:
தனிநபர் தகவல், தர இயலாது.
மேல்முறையீடு.
அப்புறம் இரண்டு மாசம்.
அப்புறம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம்
பதினாலு ரூபாய் கட்டச் சொல்லி ஒரு பதிவுத் தபால்.
தபாலுக்கே அதைவிடக் கூட ஆகியிருக்கும்.

ஏழு பக்கம்.
பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம்
புதுத் தார் போட்ட மாதிரி கருப்பு.
மிச்சத்தை விட்டிருந்தார்கள்:
சர்வே எண், இனம், எத்தனை மூடு, என்ன தொகை.

வேர்க்கிளம்பியில் டென்னிசன் கடைப் பெஞ்சில் விரித்து
நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தோம்.
இந்த ஊரில் ஆளைத் தெரிய
பெயர் எதற்கு?

'ஏத்தன், முன்னூற்று நாற்பது. இது பத்மகுமாரி.
குலை வெட்ட ஒன்பது நாள் பாக்கி இருந்தது அவளுக்கு.'
'செந்துளுவன் அறுபது, அம்புரோஸ்.
வேற யாரு இங்க செந்துளுவன் வைக்கா?'
'நானூற்றுப் பதினொண்ணு...'
அது பஹ்ரைனில் இருக்கிற சிவதாணு.
நிலம் அவன் பேரில்; பாட்டத்துக்கு எடுத்து
நட்டதும் நனைந்ததும் எபனேசர்.
போன் போட்டோம். ஸ்பீக்கரில் சிவதாணு:
'ஏதோ மெசேஜ் வந்துது மக்கா,
கேஸ் மானியம்னுல்லா நெனச்சேன்.'
எபனேசர் சிரித்தான்.
பாதி டீயைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தான்,
சாவி கையில்தான் இருந்தது.

நாலாம் பக்கம், இருபத்தேழாம் வரி:
மட்டி, தொள்ளாயிரம் மூடு.
தொள்ளாயிரமா?
ராஜாமணி சர்வே எண்ணை இரண்டு தரம் வாசித்தான்.
அது ஆனைக்குளம்.
ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற குளம்.
தண்ணீருக்குள் மட்டி நட்டவன் யார்?
கரைக்கு இந்தப் பக்கம் அடித்த காற்று
உள்ளே இறங்கியா சாய்த்தது?
ஆளாளுக்குக் கெட்ட வார்த்தை சொல்லி முடித்ததும்
என்னைப் பார்த்தார்கள்:
'நாளைக்குக் குடியரசு தினம், கிராம சபை.
மனு போட்டவன் நீ. எந்திச்சு நின்னு கேளு.'

தலையாட்டினேன்.
என் கண் அதற்குள்
ஆறாம் பக்கம் போயிருந்தது.

ஏத்தன், நூற்றி எண்பது மூடு.
சர்வே எண் என்னுடையது.
விழுந்தது நூற்றைம்பது.
மறுநாள் விடியுமுன் நானே எண்ணினேன்,
முறிந்த கழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு.
கணக்கெடுக்க வந்தவர் விளைக்குள் இறங்கவில்லை.
சாரல். குடையைப் பிடித்தது நான்தான்.
'எத்தனை இருக்கும்?'
'ஒரு நூற்றெண்பது' என்றேன்,
அரை டிக்கெட்டுக்காகக் கண்டக்டரிடம்
பிள்ளையின் வயதைச் சொல்வதுபோல.
அவர் எழுதிக்கொண்டார்.

அந்த முப்பது மூடு
இந்தக் காகிதத்தில்தான் வளர்கிறது.
உரம் கேட்டதில்லை, ஊன்றுகால் கேட்டதில்லை.
அதில் வெட்டிய குலையில்தான்
மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டினேன்.

யாரும் கவனிக்கவில்லை.
டென்னிசன் கவனித்தானோ என்னவோ,
டம்ளரை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தவன்
சரியாக அந்த வரியின் மேலேயே திரும்ப வைத்தான்.

ராத்திரி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
கருப்புக்குப் பின்னால் ஒரு எழுத்தின் நிழல்கூட இல்லை.
யாரோ கவனமாக அடித்திருக்கிறார்கள்,
எனக்கும் சேர்த்து.
குளத்தைப் பற்றி நான் வாய் திறந்தால்
குளத்துக்காரன் முதலில் புரட்டப்போவது ஆறாம் பக்கம்.
முப்பது சின்ன எண்தான்.
தொண்டையில் நிற்க அது போதும்.

மகளின் பேனாப் பெட்டியில் வைட்னர் இருந்தது.
என் வரியின் கருப்புப் பட்டைமேல்
கோணல்மாணலாக, வெள்ளையில்,
என் பெயரை எழுதினேன். இனிஷியலோடு.
பக்கத்தில் 150.

காய நேரமாயிற்று.
காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.