எச்சில் வீடு

அலை வடிந்து மணல் வெறுமையாய்க் கிடந்த பிப்ரவரியில்
ரோஸ்கோஃப் கரையில் மண்வெட்டியோடு இறங்கினோம்,
நானும் க்வெனயேலும்.
தேய்ந்த விளக்குமாற்றைத் தலைகீழாய் நட்டதுபோல்
எங்கு பார்த்தாலும் குழல் முனைகள்.
ஒன்றைத் தொட்டேன்.
கீழே எதுவோ வேகமாய் உள்வாங்கியது.

பன்னிரண்டு புழு, பன்னிரண்டு தொட்டி.
ஏழாவதில் மணல் போடவில்லை,
ரவை அளவில் கண்ணாடி மணிகள் மட்டும்.
எதைப் பொறுக்கும், எதைத் தள்ளும்
என்பதுதான் ஆராய்ச்சி.

நூல் நூலாய் நீளும் கொம்புகளால்
ஒரு மணியை எடுத்து வாயருகே உருட்டும்.
வேண்டாம் என்று போடும்.
இன்னொன்று.
எச்சில் தடவி விளிம்பில் வைக்கும்.

வாய் வைத்த டம்ளரைத் தனியே கவிழ்க்கும்
வீட்டில் வளர்ந்தவள் நான்.
இங்கே எச்சில்தான் சிமெண்ட்.

அந்த வாரம் மோர்லேயில் ஓர் அறைக்கு
மூன்று மாதச் சம்பளச் சீட்டு,
வரிக் காகிதம்,
எனக்காகப் பொறுப்பேற்க ஒரு பிரெஞ்சுக்காரர்
கேட்டார்கள்.
சம்பளச் சீட்டு இருந்தது.

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
இது கட்டியது.
பார்க்கிற அளவுக்குத்தான் கண் கிடையாது.

நாலாம் நாள் காலையில்
வீட்டுக்காரி முழுசாய்த் தெரிந்தாள்:
சிவந்த செவுள், ரத்தம் ஏறி இறங்குவது,
தின்றது, தின்றது போகும் வழி.
ஒளியக் கட்டிய வீட்டில்
ஒளிய ஒரு மூலை இல்லை.

தொட்டிமேல் கறுப்புத் துணி போட்டேன்.
ஏன் என்றாள் க்வெனயேல்.
வெளிச்சம் அதிகம் என்றேன்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

மார்ச்சில் கூட்டோடு கொண்டுபோய் மணலில் நட்டோம்,
பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி.
எனக்குக் கையெழுத்துப் போட்டது க்வெனயேலின் அப்பா;
வெங்காய மண் காயாத விரலால்
செண்பகவல்லியை மூன்று தடவை
மூன்று விதமாய் எழுதினார்.
மூன்றும் செல்லும் என்றார்கள்.

செப்டம்பர் பெருவற்றில் போனேன். குச்சி இல்லை.
அது இருந்த இடம் என்று நினைத்து
எங்கெங்கோ தோண்டி, நாலாவதில் கிடைத்தது:
அடியில் கண்ணாடி.
மேலே மணல், சிப்பித் தூள்,
நீலச் சில்லு ஒன்று.
இரண்டும் சேரும் இடத்தை விரலால் தேடினேன்,
கையுறையைக் கழற்றியும் தட்டுப்படவில்லை.

அதற்குள் தண்ணீர் திரும்பியிருந்தது.
அவசரமாய் மூடினேன், நேராக இருந்ததா தெரியாது.
ஒரு பூட்ஸ் அங்கேயே மாட்டிக்கொண்டது.