தாங்குதிறன்: நடுத்தரம்

ஐம்பது நிமிடம் முழங்காலில்,
பத்து நிமிடம் நிழலில்.
அம்பகாமக் காட்டின் விளிம்பில்
முகக்கவசத்தை நிமிர்த்திவிட்டுப் போனைத் திறக்கிறேன்.
பங்குத் தரகர் கம்பனியிடமிருந்து
வருசத்துக்கு ஒருக்கால் வரும் படிவம்:
இழப்பைத் தாங்கும் உங்கள் ஆற்றல்?
குறைவு. நடுத்தரம். அதிகம்.
ஒன்றைத் தெரிவுசெய்க.

சசிரேகா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.
"கண்ணிவெடி கிண்டுறவளிட்டக்
கேக்கிற கேள்வியே இது?
அதிகத்தைக் குத்தடி."

குத்தவில்லை.
இங்கே துணிச்சலுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.
ஒரு மீற்றர் அகலம், பதின்மூன்று சென்ரிமீற்றர் ஆழம்,
கருவி கத்தாத நிலத்தில் மட்டும் முழங்கால்.
அதற்குத்தான் சம்பளம்.
துணிச்சல்காரர் ரெண்டு பேர் வந்தார்கள்,
முதல் கிழமையே
வானில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சம்பளமும் தேய்கிற சோப்புக்கட்டி.
காணி துப்புரவாக ஆக
வெள்ளைக்காரன் காசு நிற்கும்.
நான் எடுக்கும் ஒவ்வொரு வெடியும்
என் வேலையில் ஒரு துண்டு.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கம்:
திறைசேரி உண்டியல், தொண்ணூற்றொரு நாள்.
கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வைப்பு.
முரசுமோட்டையில் ரெண்டு ஏக்கர் வயல்.
மூன்றரைப் பவுன், அதில் ஒன்று அடைவில்.
கொழும்பு ஹோட்டல் கம்பனி ஒன்றில் நானூறு பங்கு;
அந்த ஹோட்டலின் படலையைக்கூட நான் கண்டதில்லை.

ஐந்து இடத்தில் பிரித்து வைத்த கெட்டிக்காரி என்று
என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்,
இரணைமடு வான்கதவு திறந்த இரவு வரை.
விடிய வயலில் இடுப்பளவு தண்ணீர்.
பத்து மணிக்குச் சங்கத்தில்
"இந்த மாசம் வட்டி பிந்தும் அக்கா."
சங்கம் கடன் கொடுத்ததெல்லாம்
முரசுமோட்டை வயல்களுக்கு.
என் காசு இரண்டு இடத்தில் இருக்கவில்லை,
ஒரே வெள்ளத்துக்குள்
இரண்டு பெயரில் இருந்திருக்கிறது.

மச்சான் பிரதாபன் வந்தான்,
புது மோட்டார்சைக்கிள், புதுச் சேட்டு.
"மாதம் பன்னிரண்டு வீதம், நிச்சயம்" என்றான்.
நிச்சயம் என்ற சொல்லைக் கேட்டதும்
கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை
நடுவழியில் நின்றது.
"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

தங்கம் விழாது என்பவர்களோடு நான் கதைப்பதில்லை.
மாத்தளனில், ஒரு பங்குனியில்,
அம்மா கழற்றிக் கொடுத்த சங்கிலிக்கு
ரெண்டு கிலோ அரிசி.
அதையும் கொப்பியில்
விலைப் பத்தியில்தான் எழுதியிருக்கிறேன்.

ஹோட்டல் பங்கு, வாங்கும்போது இருபத்தெட்டு.
அன்றைக்கே பக்கத்தில் எழுதி வைத்தேன்:
இருபத்தொன்றுக்குக் கீழே போனால் பாதி.
போன மாதம் போனது.
பாதியை விற்க விரல் நடுங்கியது,
குழிக்குள் நடுங்காத அதே விரல்.
பத்தாம் நாள் இருபத்தாறு.
சசிரேகா விசாரித்தாள்; பொய் சொல்ல வரவில்லை.
"அவசரப்பட்டிட்டாய்" என்றாள்.

இல்லையடி.
கருவி நூறு தரம் கத்தினால்
தொண்ணூற்றெட்டு தரம் ஆணி, சோடா மூடி,
ஆரோ விட்டுப்போன சைக்கிளின் பெல்.
அதற்காக அடுத்த கத்தலுக்கு நீ
மண்வெட்டி கொண்டா போவாய்?
அவள் பதில் சொல்லாமல்
போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சங்கத்துக்குப் போகவேண்டும்,
வைப்பில் பாதியை எடுக்க.
தலைவர் முகம் சுழிப்பார்,
ஊர்ச் சங்கத்தை ஊர்ப்பிள்ளையே நம்பாவிட்டால் என்பார்.
நம்பாமல் இல்லை.
மழையைத்தான்.

நடுத்தரத்தைத் தொட்டேன்.
படிவம் அடுத்த கேள்விக்குத் தாவியது:
எத்தனை ஆண்டுகளுக்கு முதலிட விரும்புகிறீர்கள்?
விசில் ஊதிவிட்டார்கள்.
போனைத் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு
முகக்கவசத்தை இறக்கினேன்.