இரண்டு விரற்கடை

பெர்ன். மார்ச். காலை ஏழரை.
சைக்ளோட்ரோனில் பிறந்த சர்க்கரை
ஈயப் பெட்டிக்குள் வந்திறங்குகிறது.
நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
பாதியாகிவிடும் சரக்கு.
பிந்தி வருகிறவரை அது மன்னிப்பதில்லை.

ஊர்ஸ் கெர்பர் பிந்தவில்லை.
முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்,
நிமிடங்களோடு பகை இல்லாதவர்.
கோடையானால் ஆரெ ஆற்றில் குதித்து
நாலு பாலம் தாண்டிக் கரையேறுவாராம்.
குடலில் ஒன்றை வெட்டி எடுத்து
இரண்டு வருடமாகிறது.
இரத்தத்தில் ஓர் எண் மட்டும்
மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வருகிறது.
எங்கிருந்து என்று அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம்
இருட்டறை, கம்பளி.
கதைக்கக்கூடாது, வாசிக்கக்கூடாது.
அசைகிற தசையெல்லாம்
சர்க்கரையைத் தின்றுவிடும் என்றேன்.
"யோசிக்கலாமா?"
"மூளை எப்படியும் தின்னும். யோசியுங்கள்."

பிறகு மேசை. முதலில் சிடி.
விதிப் புத்தகத்தில் இருப்பது: அரை மூச்சில் நிறுத்தச் சொல்.
நான் சொன்னது: மூச்சைப் பிடியுங்கள்.

அவர் எடுத்தது ஓர் ஆற்றுக்கான மூச்சு.
விலா விரிந்தது.
உதரவிதானம் அமுக்க, ஈரல்
இரண்டு விரற்கடை கீழே போய் நின்றது.
எக்ஸ்ரே சில நொடியில்
அதை அப்படியே எழுதிக்கொண்டது.

அடுத்தது பெட். அதற்கு இருபது நிமிடம்.
இருபது நிமிடம் யார் மூச்சடக்குவார்?
அவர் தூங்கியே போனார்.
தூங்குகிற மனிதனின் ஈரல்
அலையில் கட்டிய படகுபோல் ஏறி இறங்க,
ஏறினதும் இறங்கினதுமாகச் சேர்த்து
பொறுமையாகக் கூட்டிக்கொண்டிருந்தது கருவி.

ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன்.
சாம்பல் நிற உடம்பு,
அதன்மேல் ஆரஞ்சு வெளிச்சம்.
வலது நுரையீரலின் அடியில்
ஒரு பொறி.

டொக்டர் ஹேகி கண்ணாடியைக் கழற்றினார்.
நுரையீரல் என்றால் பரவிவிட்டது,
பரவிவிட்டது என்றால்
நாங்கள் பேசும் மொழியே மாறும்.
அவர் வெளிச்சத்தை அணைத்தார், ஏற்றினார், அணைத்தார்.
பொறிக்குக் கீழே சிடியில் ஒன்றுமே இல்லை.
கட்டி இல்லை, தழும்பு இல்லை, வெறும் கறுப்பு.
"தர்மினி, காற்று சர்க்கரை தின்னுமா?"

எனக்கு அப்போது
அந்த ஆற்று மூச்சு ஞாபகம் வந்தது.
சொல்லாமல் விட்ட 'அரை'யும்.

மறுநாள் காந்த அறை.
மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டு இழுத்தோம்.
உள்ளே போனதும் தகரத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தம்.
இந்த முறை ஒலிவாங்கியில் சொன்னேன்:
ஆற்றில் குதிக்காதீர்கள், கெர்பர்.
மூச்சு தானாக வெளியே போய் முடியும் இடத்தில்
தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்துவதுபோல்
சும்மா நில்லுங்கள்.

நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்,
ஒரு மில்லிமீட்டர் முன்பின்.

ஈரலின் உச்சியில்
உளுந்தளவு ஒன்று.
நுரையீரல் சுத்தம்.

நல்ல செய்தி என்று ஒருவரும் சொல்லவில்லை.
ஈரலில் இருந்தாலும் அது அதுதான்.
ஆனால் ஒன்றே ஒன்று, எட்டுகிற இடத்தில்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில்
கத்தியா கதிரா என்று
காப்பி ஆறும்வரை வாதாடினார்கள்.
கதிர்க்காரி சொன்னாள்:
அந்தத் தரிப்பிட மூச்சு எனக்கு வேண்டும்,
அவர் நிற்கும்போது மட்டும் சுடுவேன்.

அறிக்கையில் என் பெயர் இல்லை, என் பிழையும் இல்லை.
"சுவாச அசைவால் ஏற்பட்ட இடமாற்றம்",
நாலே சொல், தப்பில்லை.

ஜூலையில் ஆற்றில் இறங்கலாமா என்று கேட்டாராம்.
ஹேகி நாட்காட்டியைப் பார்த்தாராம்,
ஒன்றும் சொல்லவில்லையாம்.

இப்போது எல்லோரிடமும் நான் தரிப்பிடம் என்றுதான் சொல்கிறேன்.
நேற்று வந்த பள்ளி ஆசிரியை
தலையைத் தூக்கி, எனக்குப் பஸ் ஓட்டத் தெரியாதே,
சைக்கிள்தான் என்றாள்.
சரி, சைக்கிள் என்றேன்.