ஏழாவது டிரம்மர்

நான் ஏழாவது டிரம்மர்.
எனக்கு முன் ஆறு பேர்,
எனக்குப் பின் இருவர், பிறகு மறுபடி நான்.
அதனால் கணக்கு உதைக்கும்.
போஸ்டர் அடிப்பவர்கள்
பின்ச்பெக் என்ற என் பெயரை
ஒருமுறையும் சரியாக அடித்ததில்லை.

குழுவின் பெயர் டெட் மீட்டர்.
கிரிம்ஸ்பியில், மீன்துறைக்கு இரண்டு தெரு தள்ளி,
ராய்ஸ்டன் ஓட்லிங்கின் அம்மா வீட்டுப் பின்கட்டில்
காசு போட்டால் கரண்ட் தரும் பெட்டி ஒன்று.
ஐம்பது பென்ஸுக்கு நாற்பது நிமிடம்.
கிட்டாரைச் சுருதி சேர்க்கவே இருபத்தைந்து போகும்.
மிச்சத்தில் பதினோரு பாட்டு.

ஏன் இந்த வேகம், என்று பேட்டிக்கு வந்தவர்கள் கேட்பார்கள்,
அரசின் மேல் கோபமா? அணுகுண்டு பயமா?
பெவர்லி பேஸைத் துடைத்தபடி சொல்வாள்:
"கரண்ட் போயிடும்ல."

எண்பத்திரண்டில் முதல் இசைத்தட்டு, முந்நூறு பிரதி.
உறைகளை மடித்தது
மீன் பொதியும் ஆலையின் இரவு ஷிஃப்டில்.
ஹல் நகரத்தில் ஒருவர் இன்றும்
உறையை முகர்ந்துதான்
அசலா போலியா என்று சொல்கிறார்.

எண்பத்து நாலில் சுரங்க வேலைநிறுத்தம்.
டான்காஸ்டர் பக்கம் ஒரு மன்றம்.
டிக்கெட்டுக்குப் பதில் உணவு டின்.
மேடையோரம் பீன்ஸ் மலைபோல் குவிந்திருக்க
நெவில் கத்தியதில் ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை.
காதைப் பொத்திக்கொண்டு கடைசிவரை நின்ற ஒரு பெண்
"பையன் நம்ம பக்கம்தான் போல" என்றாளாம்.

இதெல்லாம் நான் வருமுன் நடந்தவை.
வேனில் நானூறு முறை கேட்டதில்
என் ஞாபகமாகவே ஆகிவிட்டன.

நான் சேர்ந்தது எல்லோரும் முடி வளர்த்த வருடம்.
பாட்டு ஒவ்வொன்றும் ஆறு நிமிடம்.
அந்த இசைத்தட்டைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை,
ஓடிப்போன சித்தப்பாவைப் பற்றி
வீட்டில் பேசாததுபோல.

பிரெமனில் ஒரு பாழடைந்த பள்ளிக்கூடத்தில்
பருப்பு சூப் குடித்து, தரையில் தூங்கி,
திரும்பும் வழியில் பிரிந்தோம்.
கொள்கையால் என்று எழுதினார்கள்.
டீசலுக்கு யார் காசு போடுவது என்பதுதான் கொள்கை.

நெவில் பஸ் ஓட்டினான். நான் கூரை ஓடு மாற்றினேன்.
ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது, சரி.
அடித்த கை?
ஏணிப்படி, டீ டின், தூக்கத்தில் கட்டில் சட்டம்.
ஏழு வருடம்.
ஒரு ஞாயிறு ராய்ஸ்டன் போன் செய்து
ஹலோ கூடச் சொல்லாமல்
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றான்.

ஒசாகாவில் இருபது வயதுப் பையன்கள்
எங்கள் வரிகளை எங்களைவிடத் தெளிவாகக் கத்தினார்கள்.
இரண்டாவது பாட்டு எதைப் பற்றியது என்று
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.
நாய் உணவைப் பற்றி.

பிறகு முழங்கால்கள். நெவிலின் இடது காது.
மேடைக்குப் பின்னால் பீருக்குப் பதில்
பெயர் எழுதிய மாத்திரை டப்பாக்கள்.

பிப்ரவரியில் ராய்ஸ்டன்.
தகனக் கூடத்தில் இருபது நிமிடம்தான்,
அடுத்த குடும்பம் வெளியே காரில் இருக்கிறது என்றார்கள்.
"பதினோரு பாட்டுக்குத் தாராளம்" என்றாள் பெவர்லி.
அதிகாரி சிரிக்கவில்லை.
ஒரே பாட்டு, மெதுவாக, என்றார்.
மெதுவாக எங்களுக்கு வராது.

அவன் ஆம்ப்பை ஆன் செய்து வைத்தோம்.
கிட்டார் யாரும் தொடவில்லை.
அவன் வரவேண்டிய இடங்களில்
அது வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.
ஐம்பத்திரண்டு வினாடி.

சக்கர நாற்காலியில் அவன் அம்மா, தொண்ணூற்றொன்று,
தலையைத் திருப்பாமல் சொன்னார்:
"எனக்கு அவன் அம்பது பென்ஸ் தரணும்."

மூன்று பேரும் பைகளைத் தடவினோம்.
சாவி. கார்டு. காதடைப்பான்.
ஒருவரிடமும் சில்லறை இல்லை.

அடுத்த குடும்பம் உள்ளே வந்து
வரிசையாக உட்காரத் தொடங்கிவிட்டது.
ஆம்ப்பை அணைக்க
யாருக்கும் தோன்றவில்லை.