பத்து தெத்ரி

இந்தக் கட்டடத்தில்
காசு போட்டால்தான் லிஃப்ட் நகரும்.
தரகர் அதைச் சொல்லவில்லை.
பால்கனியைச் சொன்னார், வெந்நீரைச் சொன்னார்,
மெட்ரோ பதினோரு நிமிடம் என்றார்.
நடந்து பார்த்தேன். பத்தொன்பது.

முதல் நாள்
இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின்,
எட்டாம் மாடி.
கதவு மூடிக்கொண்டது. கூண்டு அசையவில்லை.
சுவரில் உண்டியல் போல ஒன்று.
என்னிடம் இருந்ததோ வங்கி அட்டை.
வேண்டுதலை மறந்துபோனவள் மாதிரி
அதன் முன்னே நின்றிருந்தேன்.
கதவு மறுபடி திறந்து ஒரு கை நுழைந்தது.
முழங்கை வரை மாவு.
பத்து தெத்ரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.
முகம் பார்ப்பதற்குள்
மூன்றாம் மாடி.

க்ல்தானியில் கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது,
எண்தான்.
எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சாம்பல்.
மூன்றாம் நாள் மாலை
சாவி நுழைந்தது, திரும்பவில்லை.
பனியன் போட்ட ஒருவர் கதவைத் திறந்து
வாயில் இருந்ததை மென்றபடியே
"உங்களுடையது அடுத்த கட்டடம்" என்றார்.
வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள் போலிருக்கிறது.

இரவில் முற்றத்தில் பகடை உருளும்.
வாய்ச்சண்டை எல்லாம் ஜார்ஜிய மொழியில்.
விழுந்த எண்ணை மட்டும்
பாரசீகத்தில் கத்துகிறார்கள்: ஷேஷ்-பேஷ்!
விடியற்காலை ஐந்தரைக்கு
எதிர்வீட்டு லாமாராவின் துணிக்கொடிக் கப்பி
கிறீச்சிடும்.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய தெருநாய்
மெட்ரோ வரை என்னைக் கொண்டுபோய் விடுகிறது.
அங்கிருந்து வேறு யாரையோ கூட்டிக்கொண்டு திரும்புகிறது.

நிலவறை அடுப்புக்கு ரொட்டி வாங்கப் போனேன்.
மூன்று பேர்.
மூவருக்கும் முழங்கை வரை மாவு.
"நானா? நான் படிக்கட்டுதான்" என்றான் ஒதாரி.
"நானாக இருந்தால்
இருபதாகத் திருப்பிக் கேட்டிருப்பேன்" என்றான் நோதார்.
மூன்றாமவர் அடுப்புக்குள் தலைகீழாகக் குனிந்திருந்தார்.
கால்களிடம் எப்படிக் கேட்பது?
பலகையில் வைத்த பத்து தெத்ரியை
ரொட்டிக் காசோடு சேர்த்து எண்ணி
மீதி கொடுத்துவிட்டார்கள்.

பழைய வீடு சோலோலாக்கி மேட்டில்.
படுக்கையறைச் சுவரில் விரிசல். அதன் குறுக்கே
கண்ணாடிப் பட்டை ஒட்டித் தேதி எழுதியிருந்தார்கள்.
பட்டை உடைந்தால் வீடு நகர்கிறது என்று பொருள்.
நான்கு முறை மாற்றினார்கள்.
ஐந்தாவது உடைந்தபோது
நகராட்சி ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இங்கே வந்ததும் முதல் வேலையாக
நாலு சுவரையும் தடவித் தடவிப் பார்த்தேன்.
காகிதப் பூக்கள். ஓர் ஆணித் துளை.
போனில் பேசிக்கொண்டே யாரோ கிறுக்கிய ஏழு எண்கள்.
வேறொன்றுமில்லை.

நேற்று இரவு என்ன தோன்றியதோ,
கண்ணாடிப் பட்டை ஒன்றைப் பசை தடவி
விரிசலே இல்லாத இடத்தில் ஒட்டினேன்.
பென்சிலால் தேதி போட்டேன்.

கீழே யாருக்கோ ஷேஷ்-பேஷ் விழுந்தது.
பலகையில் காய் அறைந்த சத்தத்தில்
பட்டை லேசாக அதிர்ந்தது.
உடையவில்லை.